குழுவுக்குள்ளேயே தொடங்கிய தனிப்பயணம்: பெத்தோ குவேவஸ் - ஒரு நிகழ்வு ஆய்வு

லத்தீன் அமெரிக்கப் பாடகர்கள் என்றதும் நமக்கு ரிக்கி மார்ட்டினும் ஷகிராவும்தான் நினைவுக்கு வருவார்கள். 1998 உலகக் கோப்பைக் கால்பந்துப் பாடலோடு அந்த வாசல் நமக்குத் திறந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் மெக்சிகோ முதல் சிலி வரை இளைஞர்களைப் பித்துப் பிடிக்க வைத்திருந்த ஸ்பானிய மொழி ராக் இசை நம் காதுகளுக்கு வந்து சேரவே இல்லை. ஆர்ஜென்டினாவின் சோதா ஸ்டீரியோ, மெக்சிகோவின் கைஃபானெஸ், கஃபே தக்கூபா, சிலியின் லா லெய் ஆகியவை அந்த உலகின் பெருங்குழுக்கள். லா லெய் குழுவின் முகமாகவும் குரலாகவும் இருந்தவர் பெத்தோ குவேவஸ். பின்னாளில் தனிக்கலைஞர், திரைப்பட நடிகர், தொலைக்காட்சிப் போட்டியின் பயிற்சியாளர், இசை நாடகத்தில் இயேசு எனப் பல வேடங்கள் தாங்கினார்.

அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன: 2005-இல் குழு பிரிந்தது, 2008-இல் முதல் தனி இசைத்தொகுப்பு (ஆல்பம்) வந்தது, இடையே நடிக்கத் தொடங்கினார். தேதிகளில் பிழை இல்லை. ஆனாலும் அந்த வரிசையை நான் ஏற்கவில்லை. குவேவஸ் தனிக்கலைஞராக மாறத் தொடங்கியது 2005-இல் அல்ல, 1994-இல். குழு உயிரோடு இருந்தபோதே, அவர் விரும்பாத ஒரு சூழலில், அந்த மாற்றம் நிகழ்ந்தது. பின்னால் நடந்தவற்றை அங்கிருந்து பார்த்தால்தான் அவருடைய வெற்றிகளும் தோல்விகளும் விளங்குகின்றன.

வெளியூரில் வளர்ந்த சிலிக்காரர்

லூயிஸ் அல்பெர்த்தோ குவேவஸ் ஒல்மேதோ 1967 செப்டம்பர் 12 அன்று சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்தார். 1973 செப்டம்பர் 11-இல் இராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்து, தளபதி பினோசெட் அதிகாரத்துக்கு வந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவருடைய குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. முதலில் வெனிசுவேலா, பிறகு கனடாவின் மான்ட்ரியல். அங்கே பிரெஞ்சும் ஆங்கிலமும் அவருக்குப் பழக்கமாயின. வரைகலை வடிவமைப்பு படித்தார். 1980களின் இறுதியில்தான் சிலிக்குத் திரும்பி வந்தார்.

இந்தப் பின்னணிக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். 1980களில் சிலிக்குள் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு ராக் இசை என்றால் லாஸ் பிரிசியோனெரோஸ். சாந்தியாகோவின் சான் மிகெல் பகுதியிலிருந்து வந்த அந்தக் குழுவின் மூவரும் வேலையின்மையையும் வர்க்கப் பிளவையும் நேரடியாகப் பாடினார்கள். பள்ளி முடித்தும் வாய்ப்பின்றி வாழ்க்கையின் விளிம்பில் விடப்பட்டவர்களைப் பற்றி 1986-இல் அவர்கள் எழுதிய பாடல், 2019 போராட்டங்களின்போது சாந்தியாகோ தெருக்களில் மீண்டும் ஒலித்தது. அந்த இசை சர்வாதிகாரத்தின் கீழ் பிறந்தது, அதன் கோபத்தைச் சுமந்தது. குவேவஸ் அந்த ஆண்டுகளில் அங்கே இல்லை. அந்தக் கோபம் அவருடைய அனுபவத்தில் சேரவில்லை. அவர் திரும்பிய நேரத்தில் நாடும் மாறிக்கொண்டிருந்தது. 1988 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பினோசெட் தோற்றார், 1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது.

கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் போபேயும் கீபோர்டு வாசித்த ரோத்ரிகோ அபோய்த்திஸும் தொடங்கிய லா லெய் அந்தத் திருப்புமுனையில் பிறந்த குழு. லூசியானோ ரோஹாஸ் பேஸ் கிட்டாரும் மவுரிசியோ கிளவேரியா டிரம்ஸும் வாசித்தார்கள். குவேவஸுக்கு முன்பே அங்கே பாடகர்கள் இருந்திருக்கிறார்கள், இவான் தெல்காதோ அவர்களில் ஒருவர். ஆக, குவேவஸ் குழுவை உருவாக்கியவர் அல்ல. ஏற்கெனவே இசை அமைந்திருந்த ஓர் இடத்துக்குக் குரலாக வந்து சேர்ந்தவர்.

1990-இல் 'தெசியெர்த்தோஸ்', 1991-இல் 'தோப்லே ஓபுவெஸ்தோ'. இரண்டாவது தொகுப்புதான் அவர்களை நாடறியச் செய்தது. பளபளப்பான கிட்டார், பிரிட்டிஷ் புதிய அலைக் குழுக்களை நினைவூட்டும் கீபோர்டு, கவனமாகத் தேர்ந்த உடைகள், காமமும் கனவும் கலந்த வரிகள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஆஞ்சி' பாடலையும் அதில் தங்கள் பாணியில் பாடியிருந்தார்கள். அரசியலை நேரடியாகப் பேசவில்லை என்பதற்காக இந்த இசையை மேலோட்டமானது என்று தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 17 ஆண்டுகள் அடக்கப்பட்ட ஒரு நாட்டில் உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் வெட்கமின்றிப் பாடுவதும் ஒரு விடுதலைதான். அதைப் பாட வெளியிலிருந்து வந்த, அச்சம் படியாத ஒரு குரல் தேவைப்பட்டது. குவேவஸிடம் அது இருந்தது.

அந்த ஆண்டுகளில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. இசையின் மூளை போபே. ஒலி எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவர். மேடையில் அதற்கு உடல் கொடுத்தவர் குவேவஸ். மெலிந்த உருவமும் கூர்மையான முகமும் அவசரமில்லாத அசைவுகளும் கொண்டவர். குரலை உயர்த்தாமலேயே கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். பாடல் வரி ஒன்றை ஒரு பாத்திரத்தின் பேச்சாகச் சொல்வது அவருக்கு இயல்பாக வந்தது. நடிகர் குவேவஸைத் தேடுபவர்கள் முதல் திரைப்படம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1994 ஏப்ரல் 10

அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் போபே இறந்தார். 'லா லெய்' என்று குழுவின் பெயரையே தாங்கிய தொகுப்பு 1993-இல் வெளிவந்திருந்தது. மெக்சிகோவிலும் அவர்களுக்கு வாசல் திறந்துகொண்டிருந்த நேரம் அது.

முதன்மை இசையமைப்பாளரை இழந்த குழுக்கள் கலைந்துபோவதுதான் வழக்கம். லா லெய் கலையவில்லை. பெத்ரோ ஃப்ருகோனே கிட்டாருக்கு வந்தார். 1995-இல் 'இன்விசிப்லே' வெளியானது. குழுவின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய திருப்பம் என்பேன். 'எல் துவேலோ', 'தியா செரோ' ஆகிய பாடல்கள் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவின. குழு தன் வாழ்க்கையை மெக்சிகோவை மையமாக்கி அமைத்துக்கொண்டது. சாந்தியாகோவின் சந்தை சிறியது. மெக்சிகோவில் ஒரு பாடல் வென்றால் அது மத்திய அமெரிக்காவுக்கும் அமெரிக்காவின் ஸ்பானிய வானொலிகளுக்கும் சென்றது. 1993-இல் தொடங்கிய எம்டிவியின் லத்தீன் அமெரிக்க அலைவரிசை மியாமியிலிருந்து இந்த நாடுகள் அனைத்தையும் ஒரே திரையில் இணைத்திருந்தது. முகவெட்டும் காட்சியழகும் கொண்ட பாடகருக்கு அதைவிட உகந்த காலம் கிடையாது.

'இன்விசிப்லே' தொகுப்பின் பாடல் பெயர்களைப் பார்த்தாலே மான்ட்ரியலில் வளர்ந்த கை தெரிகிறது. ஸ்பானிய மொழித் தொகுப்பொன்றில் 'த காரிடார்', '1-800 துவால்', 'சியேலோ மார்க்கெட்' என்று ஆங்கிலம் ஊடுருவுகிறது. சிலிக்குள் மட்டும் வாழ்ந்த ஒருவர் இப்படிப் பெயரிட்டிருப்பாரா என்பது சந்தேகம். போபே இல்லாத நிலையில் குழுவின் ஒலியையும் தோற்றத்தையும் சொற்களையும் வழிநடத்தும் பொறுப்பு குவேவஸின் தோளில் வந்து விழுந்திருந்தது. பாட வந்தவர் பொறுப்பாளி ஆனார்.

இதைப் பதவி உயர்வு என்று பார்ப்பது தவறு. நண்பனின் மரணத்தால் காலியான இடத்தில் நிற்க நேர்ந்தவர் அவர். அதன் விளைவு குழுவின் உள்ளமைப்பிலும் தெரிந்தது. 1998-இல் வந்த 'வெர்த்திகோ' மின்னணு ஒலிகளை நோக்கி வெகுதூரம் சென்ற, இருண்ட தொகுப்பு. 'இன்விசிப்லே' பெற்ற வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. துணிச்சலைப் பொறுத்தவரை அவர்களுடைய தொகுப்புகளில் அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் 1990களின் இறுதிக்குள் அபோய்த்திஸும் ரோஹாஸும் விலகிவிட்டார்கள். இருவரும் லா லெய்யின் பழைய பாடகர் இவான் தெல்காதோவோடும் பாடகி தெனிஸ் மலேப்ரானோடும் சேர்ந்து சைக்கோ என்ற குழுவைக் கட்டினார்கள். அதாவது, குவேவஸ் வருவதற்கு முன்பிருந்த லா லெய்யின் ஒரு பகுதி, வேறு பெயரில், வேறு குரலோடு தன் வழியில் போயிற்று.

எஞ்சியவர்கள் மூவர்: குவேவஸ், கிளவேரியா, ஃப்ருகோனே. 2000-இல் வந்த 'ஊனோ' இந்த மூவரின் படைப்பு. 'அக்கீ', 'ஃபுவேரா தே மீ' போன்ற பாடல்களில் மெட்டு தெளிவாகிறது, குரல் முன்னுக்கு வருகிறது, வாத்தியங்கள் அதற்கு இடம் விடுகின்றன. 2001 பிப்ரவரியில் அந்தத் தொகுப்பு சிறந்த லத்தீன் ராக்/மாற்று இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. அந்தப் பிரிவு தொடங்கியே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லாஸ் ஃபபுலோசோஸ் கடில்லாக்ஸ், மனா, கிறிஸ் பெரெஸ் குழு ஆகியோருக்கு அடுத்ததாக சிலியிலிருந்து வந்தவர்களின் பெயர் அங்கே ஏறியது.

மின்னிசைக் கருவிகளைக் குறைத்துப் பாடும் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதும் அதே 2001-இல் தொகுப்பாக வெளிவந்தது. மெக்சிகோப் பாடகி எலி கெர்ராவுடன் குவேவஸ் இணைந்து பாடிய 'எல் துவேலோ' அதில் இருக்கிறது. பழைய பதிவின் வேகமும் மின்சாரமும் இதில் இல்லை. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று விசாரிப்பதுபோல நகர்கின்றன. பாடலை அவர் நாடகக் காட்சியாகவே நிகழ்த்துகிறார். 'மென்தீரா' என்ற புதிய பாடலும் அங்கிருந்தே புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்பு லத்தீன் கிராமியில் குழுக்களுக்கான சிறந்த ராக் தொகுப்பு விருதைப் பெற்றது. இந்தப் பதிவைக் கேட்கும்போது தனிக்கலைஞர் ஒருவர் ஏற்கெனவே முழுமையாக உருவாகிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குழுவின் பெயர் மட்டும் இன்னும் உறையில் இருந்தது.

தனிப்பெயரில்

2003-இல் 'லிபெர்தாத்' வந்தது. 2005-இல் குழு நிறுத்தப்பட்டது. முதல் தனித்தொகுப்பான 'மியேதோ எஸ்செனிகோ' 2008-இல்தான் வெளியானது. மேடை அச்சம் என்பது அதன் பொருள். 'வுவெல்வோ', 'ஹாப்லாமே' பாடல்களோடு வந்த அந்தத் தொகுப்பு தேர்ந்த உழைப்பு. ஆனால் கேட்பவரை நிமிர வைக்கவில்லை. காரணம் எளிது. அவர் 'ஊனோ'வில் எட்டிய இடத்திலிருந்து அது வெகுதூரம் நகரவில்லை. பிரிவுக்குப் பிறகு ஒரு பாடகர் புதிதாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம். குவேவஸ் அந்தப் புதிய பேச்சைக் குழுவின் பெயரிலேயே பத்தாண்டுகளாகப் பேசி முடித்திருந்தார்.

காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. 2004-இல் டாடி யாங்கியின் 'காசோலினா' வெடித்த பிறகு லத்தீன் வானொலியின் மையம் ரெகேடோன் என்ற ராப் கலந்த நடன இசைக்கு மாறிவிட்டது. குறுந்தகடு விற்பனை ஆண்டுதோறும் சரிந்தது. 1990களில் ராக் குழுக்களைத் தாங்கிய நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. நாற்பது வயதைத் தொட்ட ஒரு ராக் பாடகர் தனியாகத் தொடங்குவதற்கு இதைவிடக் கடினமான ஆண்டுகளைக் கண்டுபிடிப்பது சிரமம்.

2012-இல் வந்த 'த்ரான்ஸ்ஃபொர்மாசியோன்' இந்த நெருக்கடிக்கு அவர் சொன்ன பதில். அமெரிக்க ராப் பாடகர் ஃப்ளோ ரைடாவுடன் 'கியேரோ கிரெயேர்' என்ற பாடலைச் செய்தார், நடனத்தாளத்தை ஏற்றுக்கொண்டார். பழைய ரசிகர்கள் பலருக்கு அது உவக்கவில்லை. எனக்கும் அந்தப் பாடல் பிடிக்கவில்லை. குவேவஸின் குரலுக்கு வேண்டிய இடைவெளியை அந்தத் தாளம் விடுவதில்லை. ஆனாலும் தொகுப்பு 2013 லத்தீன் கிராமியில் சிறந்த பாப்/ராக் தொகுப்பாகத் தேர்வானது. அதே விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பு விருதைப் பெற்றவர் ட்ராக்கோ ரோசா. நாம் கேட்ட அந்த 1998 உலகக் கோப்பைப் பாடலை எழுதியவர்களில் ஒருவர் அவர்தான். மெனுதோ சிறுவர் குழுவில் தொடங்கி, 1988-இல் ஒரு ஹாலிவுட் நடனப்படத்தில் நாயகனாக நடித்து, பிறகு ராக் இசைக்கு வந்தவர். குவேவஸ் சென்ற பாதையை ஏறத்தாழ எதிர்த்திசையில் கடந்தவர்.

நடிகர்: மூன்று பாத்திரங்கள், ஒரே நிற்பு

2005-இல் பெரு நாட்டு இயக்குநர் ரிகார்தோ தே மொன்த்ரேயின் 'லா முஹேர் தே மி எர்மானோ' படத்தில் குவேவஸ் ஒரு பாதிரியாராக வந்தார். ஹைமே பைலியின் நாவலைத் தழுவிய படம் அது. அதன் நாயகர்களில் ஒருவரான கிறிஸ்தியன் மெயரும் ராக் இசையிலிருந்து வந்தவர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1980களின் இறுதியில் பெருவில் புகழ்பெற்ற அரேனா ஹாஷ் குழுவின் கீபோர்டு கலைஞர் அவர். பிறகு தனித்தொகுப்புகள் வெளியிட்டார். அதன் பின் தொலைக்காட்சித் தொடர்களில் முழுநேர நடிகராகி, 2007-இல் ஸோரோ வேடம் வரை சென்றார். இருவரையும் ஒரே படத்தில் பார்க்கும்போது வேறுபாடு தெரிகிறது. மெயர் இசையை விட்டு நடிப்புக்குக் குடிபெயர்ந்தார். குவேவஸ் நடிப்புக்கு விருந்தாளியாகவே போய்வந்தார்.

2007-இல் ஸெவ் பெர்மன் இயக்கிய 'பார்டர்லேண்ட்' என்ற ஆங்கிலத் திகில் படத்தில் குவேவஸுக்குக் கிடைத்தது நரபலிக் கும்பலின் தலைவன் வேடம். 1989-இல் மெக்சிகோவின் மாத்தாமோரோஸ் நகருக்கு அருகே வெளிச்சத்துக்கு வந்த கொலைகளை அடிப்படையாகக் கொண்ட கதை. படம் கொடூரமானது, எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அவருடைய தேர்வில் இயக்குநரின் கண் தெளிவாக இருந்திருக்கிறது. சீடர்கள் ஏன் இந்த மனிதனுக்குப் பணிகிறார்கள் என்பதை வசனத்தால் விளக்க வேண்டியதில்லை, அவர் நிற்பதே போதும்.

மூன்றாவது பாத்திரம் மேடையில். 2019-இல் மெக்சிகோ நகரில் 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை நாடகத்தின் ஸ்பானிய வடிவத்தில் அவர் இயேசுவாகவும், எரிக் ருபீன் யூதாசாகவும், மரியா ஹோசே மகதலேனாவாகவும் பாடினார்கள். ராக் பாடகர்களுக்கென்றே அமைந்த வேடம் இது. 1970-இல் வந்த மூல இசைத்தட்டில் இயேசுவுக்குக் குரல் கொடுத்தவர் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன். 1975-இல் மாட்ரிட்டில் அந்த நாடகத்தை ஸ்பானிய மொழியில் அரங்கேற்றி இயேசுவாகப் பாடியவர் கமிலோ செஸ்தோ. கெத்செமனே தோட்டத்தில் தந்தையிடம் மன்றாடும் பாடல் வேடத்தின் உச்சம். அடங்கிய தொனியில் தொடங்கி அலறலில் போய் முடிவது. அலறல் குவேவஸின் இயல்பான பலம் அல்ல. அவருடைய பலம் அதற்கு முன் வரும் ஐயத்தின் வரிகளில் இருக்கிறது.

பாதிரியார், நரபலித் தலைவன், இயேசு. மூவரும் கூட்டத்தின் முன் நின்று நம்பிக்கையைத் தாங்குபவர்கள் அல்லது சுரண்டுபவர்கள். நடிப்பு இயக்குநர்கள் அவரிடம் தேடியது எப்போதும் ராக் மேடையில் பார்த்த அதே மனிதரை. அதனால்தான் அவருடைய நடிப்பு வாழ்க்கை தரமாக இருந்தும் பெரிதாக வளரவில்லை என்று நினைக்கிறேன். கடைக்காரராகவோ கணவராகவோ, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதராகவோ நடிக்கும் வாய்ப்பு அவரைத் தேடி வரவில்லை. 2012-இல் 'லா வோஸ் மெக்சிகோ' பாட்டுப் போட்டியில் அவருடன் பயிற்சியாளராக அமர்ந்த ஸ்பானியப் பாடகரும் நடிகருமான மிகெல் போசேவை இங்கே ஒப்பிடலாம். ஸ்பானிய இயக்குநர் அல்மோதோவாரின் 1991 படமொன்றில் நீதிபதி, பெண் வேடமிட்டுப் பாடும் கலைஞர் என்று ஒருவருக்குள் பல முகங்களை நடிக்க அவருக்கு இடம் கிடைத்தது. குவேவஸுக்கு அப்படி ஓர் இயக்குநர் அமையாதது இழப்புதான்.

அந்தப் போட்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற இரு பயிற்சியாளர்கள் பவுலினா ருபியோவும் ஜென்னி ரிவேராவும். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, டிசம்பர் 9 அன்று, விமான விபத்தில் ரிவேரா இறந்தார். குவேவஸுக்குச் சக கலைஞர் ஒருவரை நடுவழியில் இழப்பது அது முதல் முறை அல்ல.

திரும்பி வந்த குழு

2014 பிப்ரவரியில் வின்யா தெல் மார் இசைவிழாவில் லா லெய் மீண்டும் மேடையேறியது. சிலிக்காரர்களுக்கு அந்த விழா தேசிய நிகழ்ச்சி. மூவரும் சேர்ந்து நின்றார்கள். ஆனால் அதே ஆண்டில் கிளவேரியா விலகினார். 2016-இல் வந்த 'அதாப்தாசியோன்' தொகுப்பில் எஞ்சியது குவேவஸும் ஃப்ருகோனேயும் மட்டுமே. அந்த ஆண்டோடு குழு மறுபடி முடிவுக்கு வந்தது.

ஐந்து பேர் நால்வராகி, பிறகு மூவராகி, இறுதியில் இருவரான குழு இது. 1994-இல் தொடங்கிய ஒரு போக்கின் கடைசிப் படி என்றே இதைப் பார்க்கிறேன். ஒருவரே பாடி, எழுதி, முகமாகி, பேட்டியும் கொடுக்கும்போது மற்றவர்களுக்குக் குழு என்பது மெல்ல மெல்ல வேலை செய்யும் இடமாகிவிடுகிறது. இதில் குவேவஸின் தவறு எவ்வளவு என்று அளப்பது நியாயம் ஆகாது. அவர் பொறுப்பேற்காமல் இருந்திருந்தால் 'இன்விசிப்லே'யும் இல்லை, 'ஊனோ'வும் இல்லை. லா லெய் 1994-இலேயே ஓர் உள்ளூர் நினைவாக முடிந்திருக்கும்.

கேட்கத் தொடங்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. தனித்தொகுப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம். 1991-இன் 'தோப்லே ஓபுவெஸ்தோ'வை முதலில் கேளுங்கள், போபேயின் கிட்டாருக்குள் குரல் எங்கே பொருந்தியிருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து 1995-இன் 'எல் துவேலோ'. பிறகு 2001-இல் எலி கெர்ராவுடன் பாடிய அதே பாடல். 'மியேதோ எஸ்செனிகோ'வை அதற்கும் பிறகு எடுத்துக்கொண்டால், ஏன் அது புதிதாக ஒலிக்கவில்லை என்பது நான் சொல்லாமலேயே புரியும்.